இரண்டாவது பெயர்

எங்கள் குடும்பத்துப் பெண் பிள்ளைகளுக்கு முதற்பெயர் எதுவாகவும் இருக்கலாம். இரண்டாவது பெயர் எல்லோருக்கும் ஒன்றுதான், அது அப்பாவின் தங்கையின் பெயர். அப்பா ஜெர்மனிக்கு வந்த மூன்றாம் வருடம் அந்தத் தங்கை யாழ்ப்பாணத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். அகதி வழக்கு முடியாததால் அப்பாவால் போக முடியவில்லை. அதற்குப் பிறகு பிறந்த எனக்கும், பேர்லினில் இருக்கும் அப்பாவின் அக்காவான பெரிய மாமியின் இரண்டு மகள்களுக்கும் அந்தப் பெயரைப் பின்னால் வைத்தார்கள்.

ஜெர்மனில் எழுதினால் அது பதினாறு எழுத்து. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு புது ஆசிரியரும் பட்டியலில் அந்த இடத்துக்கு வந்ததும் நின்று மூச்சு இழுப்பார். வகுப்பு சிரிக்கும், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். பதினாலு வயதுக்குப் பிறகு, கட்டாயம் என்று சொன்னாலொழிய அந்தப் பெயரை நான் எங்கும் எழுதியதில்லை.

நான் கர்ப்பமாக இருப்பதைச் சொன்ன கிழமையே அப்பா ஒரு கொப்பி வாங்கினார். பஸ் கராஜில் துப்புரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். கொப்பியின் இடது பக்கத்தில் முதற்பெயர்களை எழுதினார். வலது பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் நேரே தங்கையின் பெயரை முழுதாக எழுதினார். ஒரு இடத்தில்கூட 'மேற்படி' என்று போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சத்தமாக வாசித்துக் காட்டுவார்.

"கேட்டுப் பார் பிள்ளை. முன்னுக்குப் பெரிய பேர் வந்தா பின்னுக்கு இழுபடுது. சின்னப் பேர்தான் அவளுக்குச் சேரும்."

நானும் கணவரும் தேர்ந்தெடுத்ததும் அந்தக் கொப்பியில் இருந்த ஒரு சின்னப் பெயர்தான். ஜெர்மன்காரருக்கும் அது வாயில் நுழையும். அப்பா அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

மகள் பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவுப் படிவத்தைத் தந்தார்கள். முதற்பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். பக்கத்தில் இருந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"மற்றப் பேர்?"

"வேண்டாம். எனக்கு நடந்தது இவளுக்கும் வேண்டாம்."

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். "அப்பாட்ட நீர்தான் சொல்லவேணும்," என்றார்.

"ஓம், சொல்லுறன்," என்றேன். அவரும் கையெழுத்து வைத்தார்.

நான் சொல்லவில்லை. சான்றிதழ் வந்த அன்று அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சியின்ர பேரைக் காணேல்லை."

"அவங்கள் விடேல்லையப்பா. ஆம்பிளைப் பேரோ பொம்பிளைப் பேரோ எண்டு தெரியேல்லையாம்."

யோசித்து வைத்திருந்த பொய்யல்ல. ஆனாலும் தடங்கலில்லாமல் வந்தது. அப்பா கோபப்படவில்லை. "அவங்களுக்கு விளங்கேல்லைப் போல," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கிழமை பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். அப்பா தானாகவே தெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்கு வந்திருக்கிறாராம். பெற்றோர் இல்லாமல் அவருக்கு எதுவும் சொல்ல முடியாது, நீங்கள் வர முடியுமா என்று கேட்டார். பிள்ளையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு அப்பா வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் என்னுடைய பிறப்புச் சான்றிதழ்.

"இதே கந்தோர்தான் பிள்ளை உனக்கு அந்தப் பேரைப் பதிஞ்சது. இதைக் காட்டினா மறுக்க ஏலாது," என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை.

உள்ளே அந்தப் பெண், அப்பாவுக்கும் விளங்கவேண்டும் என்று ஜெர்மனை மெதுவாகப் பேசினார். நாங்கள் எதையும் மறுக்கவில்லை, படிவத்தில் ஒரு பெயர்தான் எழுதியிருந்தது, விருப்பமென்றால் இன்னும் சில நாள் இருக்கிறது, பெற்றோர் இருவரும் கையெழுத்து வைத்தால் சேர்க்கலாம் என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. சான்றிதழை உறைக்குள் வைத்துவிட்டு எழுந்தார். "என்னுடைய பிழை. நான்தான் தவறாக விளங்கிக்கொண்டேன். மன்னியுங்கள்," என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

டிராம் நிறுத்தத்தில், "நாளைக்கே வந்து சேர்க்கிறன் அப்பா," என்றேன்.

"வேண்டாம். விருப்பமில்லாமல் வைக்கிற பேர் அவளுக்கு வேண்டாம்."

எந்த 'அவள்' என்று நான் கேட்கவில்லை. அந்த நிமிடம் எனக்குள் வந்தது நிம்மதி. பொய் சொன்னதைக்கூட ஏதோ பயத்தில் சொன்னதென்று சமாளிக்கலாம். அந்த நிம்மதிக்கு என்னிடம் ஒரு சாட்டும் இல்லை. அந்தச் சில நாளும் போனது. நான் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை.

பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்குப் பெரிய மாமி பேர்லினிலிருந்து வந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டார், "தம்பி, தங்கச்சியின்ர பேரையும் சேர்த்தாச்சுதுதானே?"

நான் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றேன்.

"இல்லையக்கா, கந்தோரில விடேல்லை," என்றார் அப்பா. "நானும் போய்க் கேட்டுப் பார்த்தனான். ஆம்பிளைப் பேரோ பொம்பிளைப் பேரோ எண்டு தெரியேல்லையாம்."

நான் சொன்ன அதே சொற்கள். மாமி அந்த அலுவலகத்தை வாய்க்கு வந்தபடி திட்டினார். அப்பா தலையாட்டினார். என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அப்பா தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் வந்தபோது, "அப்பா, நான்..." என்று தொடங்கினேன்.

"பாயாசம் அடிப்பிடிக்கப் போகுது, அதைப் பார்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. இன்றைக்கும் சொந்தத்தில் யாருக்காவது பிள்ளை பிறந்தால் அப்பாவைத்தான் அழைக்கிறார்கள். கந்தோரில் பெயரை மறுத்தால் என்ன செய்வது, எந்தக் கடிதம் கொண்டுபோவது என்று கேட்கிறார்கள். நான் பக்கத்தில் இருந்தால் அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போய்ப் பதில் சொல்கிறார்.