அந்தக் கை ஏன் உயர்ந்தது?

போன பௌர்ணமிக்கு மறுநாள் காலை. உடம்பு சரியில்லாத நண்பரைப் பார்க்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. அதிலிருந்து ஒரு சாமியாரை இறக்கினார்கள். தாடி, பரட்டைத் தலை, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் சாமந்தி மாலை.

சாமியாருக்கே ஆஸ்பத்திரியா? எனக்குள் ஒரு நக்கல்!

சாமியாரும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சற்று நேரத்தில், அடையாளம் கண்ட ஊர்க்காரர் ஒருவரும் நர்ஸும் சொல்லித் தெரிந்தது. கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்து விவசாயி. பெயர் ஏழுமலை. மனைவிக்கு நிறைமாசம், வழக்கப்படி சவரம் செய்யாமல் விட்ட தாடி. பௌர்ணமிக்குப் பூசிய விபூதி. செம்மண் ஏறிக் காவியாகிப்போன வேட்டி. வேர்க்கடலைக் காவலுக்குக் கொல்லையில் படுத்திருந்தவரை விடிகாலையில் கட்டுவிரியன் கடித்திருக்கிறது. பஸ் பிடிக்க ரோடு வரைக்கும் வந்தவர், முடியாமல் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அந்த விஷம் முதலில் இமையை இறக்குமாம். அப்புறம் நாக்கைக் கட்டுமாம்.

கிரிவலப் பாதையில் தாடியோடு, கண்மூடி, வாய் திறக்காமல் ஒருவர் உட்கார்ந்திருந்தால் நம்மூரில் அவர் யார்? சந்தேகமென்ன... மௌன சாமி!

ஜட்காவில் கொண்டுவந்தவர் வேலூர்ப் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர். மலை சுற்ற வந்தவர். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“நான்தான் சார் மாலை போட்டேன். நாலு பேரு கும்புட்டாங்க... நானும் உழுந்து கும்புட்டேன். கைய மெதுவா தூக்குனாரு சார். ஆசீர்வாதம் பண்றாருன்னு நெனைச்சேன். ஒரு பக்கமா சாஞ்சப்புறம்தான், வாயில எச்சி ஒழுவறதயே பாத்தேன்.”

“இன்னா ஆச்சுன்னு ஒருத்தர்கூடவா கேக்கல?” என்றேன்.

“சாமிகிட்ட போய் எப்படி சார் கேக்கறது?”

டாக்டர் வெளியே வந்தார். “இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா...” என்றார். அவ்வளவுதான்.

எனக்குத் தாங்கவில்லை. ஆளை ஒரே பார்வையில் எடை போட்டுவிடுவதில் நமக்குப் பெருமை வேறு! மடிப்புக் கலையாத பேன்ட் என்றால் ஆபீசர். அழுக்கு லுங்கி என்றால் திருடன். ‘பார்த்தாலே தெரியுதே’ என்போம். தெரிந்துவிட்ட பிறகு கேள்வி எதற்கு? அதே ஏழுமலை மழமழவென்று சவரம் செய்து, சட்டை போட்டு அங்கே உட்கார்ந்திருந்தால், போகிற வருகிற யாராவது தோளைத் தட்டி ‘இன்னாண்ணே, ஒடம்புக்கு முடியலையா?’ என்று கேட்டிருப்பார்கள். பிழைத்திருப்பார். பிறக்கப்போகிற பிள்ளைக்காக வளர்த்த தாடி, அந்தப் பிள்ளையின் அப்பனைக் கொண்டுபோய்விட்டது.

மனைவி வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே யாரையோ தேடினாள். கூட வந்தவர்கள் ஜவுளிக்கடைக்காரரைக் காட்டினார்கள்.

“நீங்கதான் தூக்கியாந்தீங்களா? பெத்த புள்ள மாதிரி தூக்கியாந்தீங்களே, சாமி...” என்று அவர் காலில் விழப் போனாள்.

‘ஐயோ, வேண்டாம்’ என்று சொல்ல வாய் வரவில்லை அவருக்கு. பதறிப்போய்க் கையை மட்டும் தூக்கினார்.

தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு, அது ஆசீர்வாதமாகத்தான் தெரிந்திருக்கும்.