படிக்காமல் விட்ட வரி

ஐரோப்பாவின் மலைகளை நான் முதன்முதலில் பார்த்தது ஆம்பூரில், சாயபு வீட்டுப் பெண்கள் அறையின் ஜமக்காளத்தின் மேல். வரைபடத்தை விரித்ததும் மடிப்புகள் கூடாரம்போல் எழும்பி நின்றன. சாயபுவின் மனைவி பீபியம்மா ஒரு மூலையில் வெற்றிலைப் பெட்டியையும் இன்னொரு மூலையில் அத்தர்க் குப்பிகள் இருந்த மரப்பேழையையும் வைத்தார். மற்ற இரண்டு மூலைகளையும் நான் முழங்கால்களால் அழுத்திக்கொண்டேன். சாலைகள் சிவப்பு நூல்போல் ஓடின. மலை வந்த இடங்களில் மட்டும் அந்த நூல் சிக்கலாகிக் கிடந்தது.

சாயபு என்று நாங்கள் சொன்னது தோல் பதனிடும் டேனரியின் முதலாளியை. அவருடைய தோல்கள் கப்பலேறி லண்டனுக்குப் போயின. ஏலத்துக்காக அவரே இரண்டு முறை போய் வந்திருந்தார். மூன்றாம் முறை பீபியம்மாவையும் கூட்டிப்போய், ஏலம் முடிந்த பிறகு தம் சொந்த மோட்டாரிலேயே பிரான்சில் தொடங்கி சுவிட்சர்லாந்து வழியாக இத்தாலி வரை மலை மலையாகப் பார்த்து வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். மோட்டாரும் கப்பலில் போகும். அதை ஓட்டப்போகிறவர் என் அப்பா.

என்னைக் கூப்பிட்டது படிப்பதற்காக. நான் வேலூரில் பள்ளி விடுதியில் ஏழு வருஷம் தங்கி ஹைஸ்கூல் முடித்து, ஆசிரியைப் பயிற்சியில் சேரக் காத்திருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் தம் பெயரைக்கூட எழுதியதில்லை. தாத்தா டேனரியில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் நின்று காலம் தள்ளியவர். அப்பாவும் பன்னிரண்டு வயதில் அதே குழியில் இறங்கினார். ஊறிய தோலில் முடி சுரண்டினார். பிறகு சாயபுவின் முதல் மோட்டாரைத் துடைக்கப் போனார், துடைத்துத் துடைத்தே ஓட்டவும் கற்றுக்கொண்டார். சாயபுவுக்கு வியாபாரத்துக்கு வேண்டிய இங்கிலீஷ் தெரியும். புத்தக இங்கிலீஷ் பிடிபடாது. லண்டனிலிருந்து அவர் வாங்கிவந்த மோட்டார்ப் பயண வழிகாட்டியைத் திறந்து அர்த்தம் சொல்ல அந்த வீட்டில் என்னை விட்டால் ஆளில்லை. அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

தினமும் மத்தியானத் தொழுகைக்குப் பிறகு படிப்போம். ஒவ்வொரு கணவாய்க்கும் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு. எவ்வளவு உயரம், எத்தனை வளைவு, எந்த மாதம் பனி விலகும், எதிரே தபால் வண்டி வந்தால் எங்கே ஒதுங்குவது, எல்லாம் இருந்தது. பீபியம்மாவின் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். அந்த ஊர்த் தண்ணீர் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்ய முடியாத அளவுக்குச் சில்லென்று இருக்குமா? ஹலால் இறைச்சி கிடைக்காத இடங்களுக்கு எத்தனை ஜாடி ஊறுகாய் வேண்டும்? கேள்விகளுக்கு நடுவே ஒரு நாள், கதவு வழியாகக் கார் நிற்கும் திசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ரோட்டு ஓரத்துல சுவர் இருக்குமா, பேட்டி?"

பேட்டி என்றால் மகளே; என்னை அப்படித்தான் கூப்பிடுவார். புத்தகத்தில் தேடினேன். சில இடங்களில் கல் நட்டிருப்பார்கள், பல இடங்களில் ஒன்றும் இராது என்று போட்டிருந்தது. அப்படியே சொன்னேன். அன்று அவர் ஊறுகாய் ஜாடிகளின் கணக்குக்குத் திரும்பவில்லை.

அப்பாவின் தயாரிப்பு வேறு. அங்கே வலப்பக்கமாக ஓட்ட வேண்டும் என்று நான் படித்துச் சொன்ன மறுநாளே, தோல் உலர்த்தும் மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு வலப்பக்கம் ஓட்டிப் பழகத் தொடங்கிவிட்டார். காலையில் ஒரு மணி நேரம், சுற்றிச் சுற்றி. ஒரு வாரம் கழித்து வாணியம்பாடிச் சாலையில் மறந்துபோய் வலப்பக்கமே வந்திருக்கிறார். எதிரே, தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிவந்த மாட்டுவண்டி. வண்டிக்காரர் மாட்டை ஒடித்துத் திருப்பி, "இன்னா டிரைவரே, சீமைக்கு இப்பவே போய்ட்டியா?" என்றாராம். அப்பா அதை வீட்டில் நடித்துக் காட்டியபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் காலையில் மட்கார்டில் பார்த்த புதுக் கீறலை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் அப்பாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறொன்று. இறக்கம் வந்தால் இன்ஜினை நிறுத்திவிடுவார். கியரை நியூட்ரலில் தள்ளி, பிரேக்கை மட்டும் காலில் வைத்துக்கொண்டு வண்டியைத் தானாக உருளவிடுவார். பெட்ரோலை மிச்சம் பிடிக்க இந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அப்பாவைப்போல் குலுக்கல் இல்லாமல், ஓசையில்லாமல் இறக்க யாருக்கும் கைவராது. வெளியூர் வியாபாரிகள் வந்தால் சாயபு அதைச் சொல்லிக் காட்டுவார். மற்றவர்கள் வண்டியைவிடத் தம் வண்டி ஒரு டின் பெட்ரோலுக்கு ஜாஸ்தி தூரம் போகிறது என்பார். பீபியம்மாவுக்கும் அந்த அமைதி பிடிக்கும். படகில் போவதுபோல் இருக்கிறது என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயபுவும் கேட்க வந்து உட்கார்ந்திருந்தார். சாவியைக் கொடுக்க வந்த அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். லண்டன் ஏஜெண்டிடமிருந்து அன்று கடிதம் வந்திருந்தது. மலைச் சாலையில் பழகிய வெள்ளைக்கார டிரைவர் அங்கேயே கிடைப்பார், இங்கிருந்து ஆள் வேண்டாம் என்று எழுதியிருந்தார். அதை நான்தான் படித்துச் சொன்னேன். சாயபு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "மலை நம்ம ஆளுக்குப் புதுசா? நீ புஸ்தகத்தைப் படிம்மா."

பக்கத்தைத் திருப்பினேன். நீண்ட இறக்கங்களில் இன்ஜினை ஒருபோதும் நிறுத்தாதீர்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கீழ் கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி உருளவிட்டால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். அதற்குப் பிறகு ஓட்டுபவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

எல்லாம் தெளிவாகப் புரிந்தது. புரியாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசலில் அப்பாவின் விரல்கள் நிலைச்சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. நான் ஒரு மூச்சு இழுத்து, அடுத்த பத்தியிலிருந்து படித்தேன். சத்திரங்களில் அறை கிடைக்கும் விவரம் அது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவிடம் சொன்னேன். வரிக்கு வரி சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"யார் எழுதினது அது? வண்டி ஓட்டறவனா, எழுதறவனா?"

"ஓட்டறவங்களுக்காக எழுதினது, நைனா."

"இருவது வருஷமா இறக்கறேன். பிரேக்கு சூடானா இந்த மூக்கே சொல்லிடும். வாசனை வந்தா நிறுத்தி ஆறப்போடப் போறேன். இதுக்கு ஒரு புஸ்தகமா?" என்றவர் கையை நிறுத்தினார். "சாயபு எதிர்ல படிச்சியா இதை?"

"இல்ல."

"நல்லது. படிக்காதே."

அம்மா குழம்புச் சட்டியோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா மெதுவாகச் சொன்னார்:

"குழியில கெடந்தவன் கப்பல் ஏறப் போறேன், பாப்பா. ஒரு வரியால அதைக் கெடுத்துடாதே."

படித்துச் சொன்னால் அப்பாவின் பயணம் போய்விடும். சொல்லாவிட்டால் சுவர் இல்லாத ஒரு சாலையில் அவரும், ஊறுகாய் ஜாடிகளோடு பீபியம்மாவும், சாயபுவும் உருண்டு இறங்குவார்கள். இந்த இரண்டையும் தூக்கிக்கொண்டு தினமும் அந்த வீட்டுக்குப் போய் வந்தேன். புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறக்காமல் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் அது அங்கேதான் தானாக விரிந்தது.

வாசனையைப் பற்றி அப்பா சொன்னது அன்று எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருக்க வேண்டும். விடுதியில் சேர்ந்த அன்று என் தகரப்பெட்டியைத் திறந்ததும் பக்கத்துப் படுக்கைப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் காரணம் புரியவில்லை. பெட்டியில் ஒரு வாசனையும் இல்லை என்று அழுதேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோதுதான், ஸ்டேஷனில் இறங்கியதும் சுண்ணாம்பும் அழுகலும் பட்டையும் கலந்த ஊர் என் முகத்தில் அடித்தது. "இன்னா நாத்தம், எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார்கள் வீட்டில்.

கப்பலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு முறை மலையில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார் சாயபு. ஏற்காடு போவது என்று முடிவானது. பீபியம்மாவுக்குத் துணையாகவும் வரைபடம் பார்த்து வழி சொல்லிப் பழகவும் என்னையும் கூட்டிக்கொண்டார்கள். திருப்பத்தூர் தாண்டிப் போய், சேலத்தில் அவர்கள் உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை மலையேறினோம். ஏற்றத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலே பகல் சாப்பாடு முடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினோம்.

முதல் வளைவிலேயே அப்பா இன்ஜினை நிறுத்தினார்.

சத்தம் நின்றதும் காற்றும் சக்கரமும் மட்டும் கேட்டன. முன்னால் உட்கார்ந்திருந்த சாயபு எங்களைத் திரும்பிப் பார்த்து, பார்த்தீர்களா என்பதுபோல் தலையசைத்தார். பீபியம்மா கண்ணை மூடிக்கொண்டார். வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. என் மடியில் புத்தகம் இருந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ வளைவில் எனக்கு அந்த வாசனை வந்தது. முடி கருகுவதுபோல், அதோடு எண்ணெயும் சேர்ந்து. இப்போது நிறுத்துவார் என்று அப்பாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசனை தொண்டைவரை வந்தது. அவர் நிறுத்தவில்லை. உதட்டுக்குள் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

சாயபுவைப் பார்த்தேன். அவரும் டேனரியிலேயே வளர்ந்தவர். நிம்மதியாகப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பீபியம்மாவின் மேல் அத்தர் மணந்தது. வண்டிக்குள் நான்கு பேர் இருந்தோம். மூக்கு எனக்கு மட்டும்தான் இருந்தது.

"நைனா, வாசனை வருது."

"இன்னா வாசனை? ஒண்ணும் இல்லையே."

ஒரு முறை நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார். பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே வரவில்லை. அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மனப்பாடமாக இருந்த வரியை இங்கிலீஷில் சத்தமாகச் சொன்னேன். பிறகு தமிழில் சொன்னேன். இது புத்தகத்தில் இருக்கிறது, சாயபு, பிரேக் எரிகிறது, நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன்.

சாயபு நிறுத்தச் சொன்னார். அப்பா காலை அழுத்தினார். வண்டி நிற்கவில்லை. மறுபடி அழுத்தினார். பாட்டு நின்றிருந்தது. கை பிரேக்கை இழுத்தார், வேகம் கொஞ்சம் குறைந்தது. அடுத்த வளைவு வருவதற்குள், பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் மலையை ஒட்டியிருந்த சாக்கடையில் சக்கரங்களை இறக்கி, பாறையில் உரசவிட்டு நிறுத்தினார். விளக்கு ஒன்று உடைந்தது. யாருக்கும் அடியில்லை. இறங்கிப் பார்த்தபோது நான்கு சக்கரங்களிலிருந்தும் நீலப் புகை மெல்ல எழுந்துகொண்டிருந்தது. அப்பா அதன் அருகே குனிந்து, புகையைக் கண்ணால் பார்த்தார்.

சாயபு என்னிடம்தான் கேட்டார். "எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

"மூணு வாரமா."

"நான்தான் படிக்க வேணாம்னேன்," என்றார் அப்பா, நிமிராமல்.

சாயபு கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. ஊர் திரும்பிய மூன்றாம் நாள் லண்டன் ஏஜெண்டுக்குப் பதில் எழுதச் சொன்னார். வெள்ளைக்கார டிரைவரை அமர்த்தச் சொல்லும் அந்தக் கடிதத்தை என் கையால்தான் எழுதினேன். அப்பாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் வியாபாரிகள் வந்தால் வண்டியைப் பற்றிப் பேசுவது நின்றுபோனது.

பீபியம்மா புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படிக்கச் சொன்னார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனாலும் நான் படிக்கும் ஒவ்வொரு வரியின் கீழும் தம் மருதாணி விரலை வைத்துக்கொண்டார். வரி முடிந்தால்தான் விரல் கீழே இறங்கும். அவர் என்னைப் பேட்டி என்று கூப்பிடுவதும் அதோடு நின்றது. பயிற்சிக்குப் போகும்வரை அப்படித்தான் படித்தேன். சில நாள் அந்த விரலைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

அப்பா என்னைத் திட்டவே இல்லை. வண்டியைப் பழுது பார்த்த அன்று, சக்கரத்திலிருந்து கழற்றிய பிரேக் பட்டையில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கருகி, விளிம்பு உதிர்ந்திருந்தது. அதை மூக்கில் வைத்து இழுத்தார். பிறகு மண்ணெண்ணெய் விளக்கை எடுத்து முகர்ந்தார். அம்மா தலையில் வைக்க எடுத்திருந்த மல்லிகையை வாங்கி முகர்ந்தார். கடைசியில் பட்டைத் துண்டை என்னிடம் நீட்டினார்.

"இதுக்கு இன்னா வாசனை, பாப்பா? நீ சொல்லு."

எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். பாடம் கேட்கிற பிள்ளைபோல் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், வண்டியைக் கொட்டகையில் விடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுச் சக்கரத்தருகே குனியச் சொல்வார். நான் நிமிர்ந்து, ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை கதவைச் சாத்தமாட்டார். நான் ஊரில் இல்லாத மாதங்களில் என்ன செய்கிறார் என்று ஒரு தடவை கேட்டேன். கொட்டகைக் கதவை ஒரு முறை திறந்து, மறுபடி சாத்தினார்.