சங்கிலி இல்லாத புல்வெட்டி

1. இரண்டு கட்டர்கள்

காவல்காரர் ஒருவர் பாம்பு கடித்து இறந்துபோனதால்தான் அந்த ஆர்டர் எங்கள் கடைக்கு வந்தது. அறுபதுகளின் தொடக்கம். திருச்சிக்கு வெளியே ஒரு தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. கட்டடங்களைச் சுற்றி ஏக்கர் கணக்கில் பொட்டல். ஐப்பசி மழைக்குப் பிறகு அதில் இடுப்பளவு புல். அந்தக் காவல்காரரைப் பாம்பு கடித்தது அதற்குள்தான். அவர்களிடம் சின்ன டிராக்டர் ஒன்று இருந்தது. அதன் பின்னால் மாட்டப் புல்வெட்டும் கருவி உடனே வேண்டும் என்று, தொழிற்சாலை நிலத்தையெல்லாம் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் ஆபீசர் ஆள் அனுப்பினார்.

நான் அப்போது ஒரு டிராக்டர் ஏஜென்சியில் ஃபிட்டர். எங்களிடம் இரண்டு வகைக் கருவிகள் இருந்தன. ஒன்று கட்டர் பார். பக்கவாட்டில் நீளும் சட்டம். அதில் பல் பல்லாகக் கத்தி, முடி வெட்டும் மெஷின் மாதிரி ஓடும். புல்லை அறுத்து அப்படியே படுக்கவைக்கும். மற்றது ரோட்டரி. இரும்புக் கூண்டுக்கு அடியில் கனமான பிளேடு விசிறிபோலச் சுழலும். புல்லோ புதரோ, எது வந்தாலும் துண்டு துண்டாக்கிவிடும். கல் வந்தால் கல்லை எறியும். அதைத் தடுக்கத்தான் கூண்டின் பின்பக்கம் வரிசையாகச் சங்கிலிகள் தொங்கும்.

இடத்தைப் பார்க்க எங்கள் மேனேஜருடன் போனேன். புல்லுக்குள் நாலைந்து பெண்கள் அரிவாளோடு குனிந்திருந்தார்கள். அறுத்ததைக் கட்டாகக் கட்டி, ஸ்ரீரங்கம் ஜட்கா ஸ்டாண்டில் குதிரைகளுக்கு விற்பவர்கள். அவர்களில் மாரியாயி என்பவர் என்னிடம் வந்தார்.

"பாய், மிசினு அறுத்த புல்லை எங்களுக்கு விடுவாங்களா?"

"கட்டர் பார் வாங்குனா கட்டு கட்டலாம்மா. ரோட்டரின்னா தூளாயிடும், ஒண்ணும் தேறாது."

"அப்ப மொதல்ல சொன்னதையே வாங்கச் சொல்லுங்களேன். புண்ணியமாப் போவும்."

ஆபீசரிடம் சொன்னேன். அவர் காலால் புல்லை விலக்கிக் காட்டினார். ஜல்லி, கம்பித் துண்டு, உடைந்த செங்கல்.

"இதுல கட்டர் பாரை ஓட்டுனா தினம் கத்தி மாத்தணும். தெரியுமில்ல?"

அதில் தப்பில்லை. "அப்ப எதை ஓட்டுனாலும் முதல்ல நிலத்தைப் பொறுக்கிச் சுத்தம் பண்ணணும் சார்" என்றேன்.

"அதுக்குள்ள இன்னொருத்தன் செத்தா நீங்களா பதில் சொல்வீங்க?"

ரோட்டரியே முடிவாயிற்று.

2. ஈரப் புல்

ஓட்டிக் காட்டிய அன்று புல் ஈரமாக இருந்தது. வெட்டுப்பட்டது சங்கிலியில் அடைத்துக்கொண்டு குவியல் குவியலாக விழுந்தது. ஆபீசருக்குப் பிடிக்கவில்லை. "அந்தச் சங்கிலியைக் கழட்டுங்க" என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"அது அலங்காரத்துக்கு இல்ல சார். நான் கழட்ட மாட்டேன்" என்றேன்.

அடுத்த வாரம், கருவியின் முதல் சர்வீசுக்குப் போனபோது சங்கிலிகள் ஷெட் மூலையில் சுருண்டு கிடந்தன. டிரைவர் ஆரோக்கியம் கையை விரித்தான். "ஆபீசர் உத்தரவு பாய்."

வெளியே, டிராக்டர் வருவதற்குள் கிடைத்தவரை அறுத்துவிட வேண்டும் என்று அந்தப் பெண்கள் பக்கத்துப் புல்லிலேயே அரிவாள் வீசிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியம் கத்தினான், நானும் போய் விலகச் சொன்னேன். பத்தடி விலகினார்கள். டிராக்டர் நகர்ந்ததும் மறுபடி வந்துவிட்டார்கள். நான் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன். அதற்குள் கூண்டுக்குள் 'ணங்' என்று ஒரு சத்தம்.

மாரியாயி உட்கார்ந்துவிட்டார். அலறவில்லை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, "என்னமோ பட்டுருச்சு பாய்" என்றார். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. விரல் நீளக் கம்பித் துண்டு ஒன்று அவர் மடியில் கிடந்தது.

தொழிற்சாலை ஜீப்பில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண்ணை எடுத்துவிட்டார்கள்.

3. விசாரணை

தொழிற்சாலையில் நடந்த விசாரணைக்கு முன்னால் எங்கள் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஸ்ரீரங்கத்துக்காரர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர்.

"பாய், சங்கிலி மாட்டித்தான் இருந்ததுன்னு மட்டும் சொல்லிடுங்கோ. பெரிய கஸ்டமர். அந்த அம்மாவைப் பெருமாள் பாத்துப்பார்."

விசாரணையில் நான் பார்த்ததைச் சொன்னேன். சங்கிலி ஷெட்டில் கிடந்தது என்றேன். ஆபீசர் பதறவே இல்லை. "அவ இங்க வேலை பாக்குறவ இல்லையே. உள்ள வரச் சொன்னது யாரு?" என்று மட்டும் கேட்டார். விசாரணை அந்தக் கேள்வியோடு முடிந்துவிட்டது. மாரியாயிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மற்றப் பெண்களையும் கேட்டுக்குள் விடக் கூடாதென்று உத்தரவு போட்டார்கள். சங்கிலியை மாட்டிவிட்டார்கள். என்னை ஏஜென்சி துறையூர் கிளைக்கு மாற்றியது.

போகுமுன் மாரியாயியைப் பார்த்தேன். வாய்க்கால் கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். இடது கை விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"ஒத்தக் கண்ணுல அருவா எங்க விழுதுன்னே தெரிய மாட்டேங்குது பாய். விரல்லயே விழுந்துடுது" என்றார். வைகிற தொனியே இல்லை. வைதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

4. துறையூரில்

கருவி வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை அடி அகலம், எத்தனை குதிரைசக்தி வேண்டும் என்பதுதான். இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். துறையூரில் நான் முதலில் கேட்டது வேறு: அந்த நிலத்தில் யார் யார் நடமாடுகிறார்கள்?

முசிறியிலிருந்து வந்த வாழைத் தோப்புக்காரர் ஒருவர், "மிசினு வாங்க வந்தா ஊர்க்கதை கேக்குறீங்களே" என்று எழுந்து போய்விட்டார். வேறு கடையில் வாங்கியிருப்பார். சிலர் யோசித்து, "பொம்பளைங்க வருவாங்க பாய், மாட்டுக்குப் புல்லு அறுக்க" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களிடம், கல் பொறுக்காமல் ஓட்டாதீர்கள் என்று சொல்வேன். கட்டர் பார் போதுமென்றால் அதையே கொடுப்பேன்.

ரோட்டரிதான் வேண்டும் என்பவருக்குச் சங்கிலிக் கொக்கிகளை வெல்டிங் வைத்து மூடிவிட்டுத்தான் அனுப்புவேன். கழற்ற முடியாது என்றில்லை. உளியும் சம்மட்டியும் எடுத்து ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும், அவ்வளவுதான். வெட்டி முடிப்பதற்குள் அது எதற்காக அங்கே தொங்குகிறது என்று ஒரு தடவையாவது யோசிக்கட்டும்.