அவர் ஆட்டத்தை விட்ட காரணம்

எழுபதுகளின் நடுவில் மெல்பேணுக்கு வந்து, அதன் புறநகரான மல்கிரேவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் படம் வரையும் வேலைக்குச் சேர்ந்தேன். தனியாக வாழ்ந்த ஒரு கிழவரின் வீட்டில் பின்னறை வாடகைக்குக் கிடைத்தது. அவருக்கு எண்பத்தைந்து வயது. இந்த ஊர்க்காரர் உயிரை விடும் கால்பந்தை, முட்டை மாதிரியான பந்தால் ஆடுவதை, இளமையில் ஒரு பெரிய கழகத்துக்காக ஆடியவர். கிழமை நாட்களில் செங்கல் சூளையில் வேலை, சனிக்கிழமை ஆட்டம். ஆள் கட்டை. ஆனாலும் பந்து விழுகிற இடத்தில் முதலில் நிற்பாராம். ஐந்து வருடம் ஆடிவிட்டு, முதலாம் உலகப் போருக்குச் சற்று முன், நல்ல பெயரோடு இருக்கும்போதே விட்டுவிட்டார். முழங்கால் போய்விட்டது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, கழகத்தின் பழைய ஆட்டக்காரர்கள் கூடும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு போவார்.

ஒருநாள் குசினியில் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்.

"என் முழங்காலுக்கு ஒன்றும் நடக்கவில்லை. எதிரணியில் ஒருவன் என்னைவிட வேகமாக ஓடினான். பந்து எங்கேயோ கிடந்தது, நடுவரும் பார்க்கவில்லை. வேண்டுமென்றே முழங்கையால் முகத்தில் இடித்தேன். அவனுக்கு ஒரு கண் போய்விட்டது. தவறுதலாகப் பட்டது என்று பொய் சொன்னேன். பிறகு என்னால் மைதானத்தில் இறங்க முடியவில்லை."

"ஏன் எனக்குச் சொல்லுறீங்கள்?"

"உனக்கு இங்கே ஒருவரையும் தெரியாதே."

ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்றேன்.

வேலையிடத்தில் சாப்பாட்டு நேரப் பேச்சு முழுக்கக் கால்பந்துதான். ஆறு மாதமாக மேசையின் கடைசிக் கதிரையில் பேசாமல் இருந்தவன் நான். ஒரு திங்கட்கிழமை யாரோ அந்தக் கழகத்தின் பழைய ஆட்களைப் பற்றிக் கதைத்தார்கள். "அதில் ஒருவர் என் வீட்டுக்காரர்" என்றேன். எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. அது எனக்குப் பிடித்திருந்தது. நிறுத்தியிருக்கலாம். கண் போன கதையையும் சொன்னேன், முழங்கையை உயர்த்தி நடித்தும் காட்டினேன். சிரித்தார்கள். ஒருவன் முதுகில் தட்டினான். ஒரே ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய தகப்பனும் அதே அணியில் ஆடியவர், அந்த ஞாயிறு சாப்பாட்டுக்குப் போகிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்குப் போன கிழவர் ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்துவிட்டார்.

"அந்தக் கண்ணைப் பற்றிக் கேட்டார்கள்" என்றார்.

நான்தான் சொன்னேன் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "யார் சொன்னதாம்?" என்று கேட்டேன். இன்றைக்கும் என்னைக் கூசவைப்பது அந்தக் கேள்விதான்.

அவர் கோட்டைக் கழற்றி மாட்டினார். "சாப்பிட ஏதாவது இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். முட்டை பொரித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் அந்தச் சாப்பாட்டுக்குப் போகவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து, வேலைக்குக் கிட்ட என்று ஒரு சாட்டுச் சொல்லி வேறு வீட்டுக்கு மாறினேன். என் பெட்டியை அவரே வாசல்வரை தூக்கிவந்தார்.