என் தாடையைத் தூக்கிவிட்டது யார்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள், மறதியும் அதிகம், முன்னே பின்னே இருந்தால் மன்னிக்க வேண்டும். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நம்புகிறவர்கள் நம்புங்கள்.

சுனாமி வந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும் அப்போது. ராயபுரத்தில் ஹவுசிங் போர்டு வீட்டில் தனியாக இருந்தேன். அதற்கு முந்தின வருஷம்தான் என் நாத்தனார் கன்னியம்மா செத்துப்போனாள். என் வீட்டுக்காரர் போன பிறகு முப்பது வருஷம் ஒரே அறையில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். என்னைத் திட்டாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் போனதும் அந்தத் திட்டும் இல்லை.

ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே தூங்கி விழுந்தேன். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதோ என்று ஆஸ்பத்திரியில் சந்தேகப்பட்டார்கள். ஓசூரில் இருக்கிற மகன் போனில், "அப்டி நிக்குதுன்னு வந்துச்சின்னா ஒன்னிய தனியா வுட மாட்டேம்மா, வந்து இட்டுகினு பூடுவேன்" என்றான். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், ரிப்போர்ட் மோசமாக வரட்டும் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். பேரன்கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிப் பெண் சாயங்காலம் வீட்டுக்கே வந்து, பொட்டு மாதிரி வில்லைகளை நெற்றியில் ஒன்று முகவாயில் ஒன்று என்று ஒட்டி, வயரை என் இடுப்பில் கட்டிய பெட்டியில் சொருகினாள்.

"தாடை எவ்ளோ எறங்குதுன்னு இது அளக்கும் ஆயா. தாடை தொங்கினா தொண்டை அடைக்கும், மூச்சு நின்னுடும்."

"இத்த போட்டுகினு பேசலாமா?"

"யார்கிட்ட பேசப் போற ஆயா" என்று சிரித்தாள். அதுவும் சரிதான். உள் தாழ்ப்பாள் போட்டுப் படுத்தேன். ஒரு கனவுகூட இல்லாமல் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்துப் போனால், அந்தப் பெண் ஒரு தாளை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

"ஒன் பக்கத்துல யார் ஆயா படுத்துகினு இருந்தது?"

"யாரும் இல்லியே."

"மத்தவங்களுக்கு தாடை தொங்கி, மூச்சு நின்னு, தூக்கிவாரிப் போட்டு முழிச்சாதான் வாய் மூடும். ஒனக்கு எறங்குன ஒடனே மேல ஏறுது. நீ முழிக்கவே இல்ல. யாரோ கைய வெச்சுத் தள்ளுன மாதிரி கீது."

நான் குறட்டை விட்டால் கன்னியம்மா பக்கத்துப் பாயிலிருந்து கையை நீட்டி என் தாடையைத் தள்ளுவாள். "வாய மூட்றி, ஈ பூந்து குடித்தனம் பண்ணப் போவுது" என்பாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"எத்தினி மணி வரிக்கும்மா ஏறுது?"

"நாலு. அப்புறம் தொங்கினேதான் கீது, மூச்சும் நின்னு நின்னு வருது."

கன்னியம்மா மீன் எடுக்கக் காசிமேட்டுக்குக் கூடையோடு கிளம்புகிற நேரம் நாலு மணி. மழையானாலும் மாறாது.

ராத்திரி முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் பயமில்லை, ஒருக்களித்துப் படு என்று டாக்டர் அனுப்பிவிட்டார். மகன், "அப்ப நல்லாத்தாம்மா கீற" என்று போனை வைத்தான். நான் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். என் உயிரைக் காப்பாற்றினாளா, இல்லை, என்னை ஓசூருக்கு விடக்கூடாதென்று செய்தாளா, இன்று வரை தெரியவில்லை.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. இங்கிலீஷ் தெரிந்த யாராவது அந்த நேரத்தைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். நாலு இல்லை, நான்தான் தப்பாகக் கேட்டேன் என்றால், அது கன்னியம்மா இல்லை என்று ஆகும், மகனிடம் சொல்லி இன்னொரு தடவை டெஸ்ட் எடுத்துக்கொள்கிறேன்.