அக்காவின் வயது

நரிக்குடிக்குத் தெற்கே சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களில், காளீஸ்வரியின் மூட்டத்தில்தான் சாம்பல் குறைவு என்பார்கள். விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண் பூசித் தீ வைத்துவிட்டால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. புகைதான் சொல்ல வேண்டும். வெள்ளையாக வந்தால் விறகில் ஈரம் இருக்கிறது. நீலமாக மெலிந்தால் வெந்துவிட்டது. காளீஸ்வரி எட்ட நின்று பார்த்தே, "தெக்கு ஓரம் இன்னும் வேகல" என்று சொல்லிவிடுவார்.

என் வேலையும் ஏறக்குறைய அதுதான். கண் ஆஸ்பத்திரி வேனில் கேமராவோடு ஊர் ஊராகப் போகிறேன். விழித்திரையைப் படமெடுத்தால், அதிலுள்ள ரத்தக்குழாய்களை வைத்து அந்தக் கண்ணுக்கு எத்தனை வயது இருக்கும் என்று கணினி கணிக்கும். ஆதார் அட்டையில் உள்ள வயதைவிட ஐந்துக்கு மேல் கூடிவிட்டால் சிவப்புச் சீட்டு வரும். உடம்புக்குள் ஏதோ சரியில்லை, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தாக வேண்டும் என்று அர்த்தம். மற்றவர்களுக்குப் பச்சை. வருகிறவர்கள் இருநூறு பேர், நர்ஸ் ஒரே ஒருவர், முருகலட்சுமி அக்கா. அதனால் சிவப்புக்கு மட்டும்தான் சோதனை.

போன தை மாதம் காளீஸ்வரியின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம். ஜன்னலை உரச்சாக்கால் மூடி இருட்டாக்கியிருந்தோம். காளீஸ்வரி தாடையைக் கொண்டுவந்து வைத்ததும் வரிசையிலிருந்த மாரீஸ்வரி குரல் கொடுத்தார்.

"தம்பி, நல்லாப் பாரு. அவ கண்ணுக்குள்ள ஒரு மூட கரி கெடக்கும்."

"ஆமா, ஒனக்கு உள்ள மல்லியப்பூ பூத்திருக்கு. சும்மா நில்லுடி."

அட்டையில் ஈஸ்வரி, வயது நாற்பத்தாறு என்றிருந்தது. அவர் பெயர் அதுதான் என்று நினைத்தேன். திரையிலும் நாற்பத்தாறு வந்தது.

"சரியா இருக்குக்கா. அட்டையிலயும் நாப்பத்தாறு, கண்ணுலயும் நாப்பத்தாறு."

அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. திரையையே பார்த்தார். பச்சைச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு போனார்.

மத்தியானம் அறை காலியானதும் திரும்பி வந்தார்.

"தம்பி, வெளிய இருந்து பாத்தே உள்ள இருக்குறது தெரிஞ்சிருமா?"

"ஓரளவு தெரியும்க்கா."

"அப்ப இந்தச் சீட்டு தப்பு. நாப்பத்தாறு எங்க அக்காவுக்கு. எனக்கு முப்பத்தெட்டு."

ஈஸ்வரி அவருடைய அக்கா. இருபது வருடத்துக்கு முன்னால், பிள்ளை பெற்ற நான்காம் நாள் தலைவலி என்று உட்கார்ந்தவர், வலிப்பு வந்து, அருப்புக்கோட்டைக்குப் போகிற வழியிலேயே இறந்துபோனார். பச்சைப்பிள்ளையை வளர்க்க ஆள் வேண்டுமென்று, மறு வருடம் அத்தான் சௌந்தரபாண்டியனுக்கே காளீஸ்வரியைக் கட்டிவைத்தார்கள். இறப்பை யாரும் பதியவில்லை. ரேஷன் அட்டையில் பெயரை அடிக்க இறப்புச் சான்று கேட்டார்கள். 'பேரு இருந்துட்டுப் போகட்டும், அதான் பொம்பளைன்னு ஒருத்தி இருக்காளே' என்று மாமியார் சொல்லிவிட்டார். பிறகு காளீஸ்வரிக்கு நூறு நாள் வேலை அட்டை, ஆதார், பேங்க் புத்தகம் எல்லாம் அந்தப் பெயரில், அந்த வயதில். ஊருக்கே தெரியும், தாளுக்கு மட்டும் தெரியாது.

"ஆறு மாசமா விடியக்காலம் பிடரி வலிக்குது. அக்காவும் இப்படித்தான் தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா." குரல் இறங்கியது. "இதச் சொன்னா வேலை அட்டை போயிருமா?"

"இது ஆஸ்பத்திரியோட இருக்கும்க்கா. வேற எங்கயும் போகாது."

வயதை மாற்றிப் பதிந்தேன். சிவப்பு வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு குழாய் இன்னொன்றைக் கடக்கும் இடங்களில், கீழே ஓடுவது மிதிபட்ட வாய்க்கால் போல நசுங்கியிருந்தது. காலையிலும் அது அப்படியேதான் இருந்திருக்கும். நான் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன்.

ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப்பத்து. முருகலட்சுமி அக்கா இரண்டாம் முறையும் பார்த்தார்.

"எப்படிம்மா இதோட நடமாடுறீங்க?"

"வேல கெடக்கே."

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுத வேண்டும். ஆளனுப்பியதில் கணவர் சௌந்தரபாண்டியன் ஆடு மேய்க்கும் கம்போடு வந்து வாசலில் நின்றார். முதலில் கேட்டது, "எந்தப் பேருல எழுதுவீக?"

"மாத்திரைய முழுங்கப் போறவுக பேருல" என்றார் முருகலட்சுமி அக்கா. "வயசும் அவுக வயசுதான். முப்பத்தெட்டுல இம்புட்டு அழுத்தம்னா டாக்டர் கிட்னியையும் பாப்பாக. நாப்பத்தாறுன்னு எழுதுனா சாதாரணமா நெனச்சிருவாக."

"ரெண்டு பேரு, ரெண்டு வயசுன்னு இருந்தா நாளைக்கு எவனாச்சும் கேப்பான்ல?"

காளீஸ்வரி அவரைப் பார்க்காமல் பேசினார். "அன்னைக்கு வண்டி வாசல்ல நின்னுச்சு. ஆஸ்பத்திரியில கேப்பாகன்னு ரேஷன் அட்டையத் தேடிக்கிட்டு அரை மணி நேரம் நின்னீக. அக்கா தல என் மடியிலதான் கெடந்துச்சு."

அவர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அருப்புக்கோட்டைக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்டார்.

சித்திரையில் மறுபடி அந்த ஊருக்குப் போனோம். காளீஸ்வரி முதல் ஆளாக வந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வைத்தார். காளீஸ்வரி, 38. சீட்டுப் போடும் இடத்தில் பெயர் கேட்டபோது அவருக்கு வாய் வரவில்லையாம்.

"எங்க வீட்டுக்காரருதான் எம் பேரச் சொன்னாக. கட்டி வந்த நாள்ல இருந்து என்னப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல தம்பி. 'இந்தா'ன்னுதான். அன்னைக்கு அந்த ஆளுக்குக் கேக்கலைன்னு ரெண்டு தடவ சொன்னாக."

அழுத்தம் நூற்று நாற்பதுக்கு இறங்கியிருந்தது. பிடரி வலி இல்லை. கிட்னியில் லேசான பழுது இருக்கிறது, மாதாமாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். படமெடுத்தேன்.

"எம்புட்டுக் காட்டுது?"

"நாப்பத்தஞ்சு."

"அப்ப அக்காவுக்கு எளையவதான்" என்றார்.

ஒரே கண்ணை மறுநாள் எடுத்தாலும் எண் ஒன்றிரண்டு ஏறி இறங்கும். அதைச் சொல்லவில்லை. மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது என்று மட்டும் சொன்னேன். சீட்டை உறைக்குள் வைத்து, அதை இடுப்பில் செருகிக்கொண்டு, மூட்டத்தில் புகை எப்படி வருகிறதென்று பார்க்கப் போனார்.