இருபத்திரண்டு நிமிடம் கேட்டாள் கல்யாணி

போன ஞாயிறு மாலை கோலியர்ஸ் வுட்டில் ஒரு வெளியீட்டு விழா. மேடையில் எனக்கும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். திரும்பி வரும்போது ரயிலில் என் மனைவி ஒரே ஒரு வசனம் சொன்னாள். அதற்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். அடுத்த நாள் மாலை வரை வீட்டில் ஒரே அமைதி!

விஷயம் இதுதான். என் நண்பரின் மகள் கல்யாணி, விம்பிள்டனில் பார்மசிஸ்ட். சின்ன வயதில் வார இறுதி வகுப்புகளில் கர்நாடக வயலின் படித்தவள். படித்தவள் சும்மா இருந்தாளா? மூன்று இங்கிலீஷ்காரரோடு சேர்ந்து ஒரு பேண்டில் வாசிக்கிறாள். ஒருவர் பாஞ்சோ, ஒருவர் கிட்டார், ஒருவர் ஆளுயர பேஸ். இவள் வயலின்.

அந்த இசைக்குப் புளூகிராஸ் என்று பெயர். அமெரிக்க மலைநாட்டுக் குடியானவர்களின் இசை. கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். இவர்கள் வாசிப்பது 'புரோகிரசிவ்' புளூகிராஸ்... அதாவது, அதே வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு மலையை விட்டு இறங்கி, மனம் போன திசையில் நடப்பது.

முதல் இசைத்தட்டில் ரொம்ப தூரம் நடக்கவில்லை. பன்னிரண்டு துண்டுகள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். நம் சனம் கொண்டாடியது. பிறந்தநாளா, கல்யாணப் பந்தியா — ஸ்பீக்கரில் அதுதான். சோறு பரிமாறும் வேகத்துக்கு நன்றாகப் பொருந்தும்.

இரண்டாவதில் பிள்ளைகள் துணிந்துவிட்டார்கள். ஒரு பக்கம் முழுவதும் ஒரே உருப்படி. இருபத்திரண்டு நிமிடம்! பப்பில் வாசிக்கப் போனால், ஐந்தாம் நிமிடமே பழையதை வாசிக்கச் சொல்லிக் கத்துகிறார்களாம். ஒரு தடவையாவது ஒரு சபை உட்கார்ந்து அதை முழுவதும் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று நிமிடத் துண்டுகளுக்கே திரும்பிவிடலாம் என்று பாஞ்சோக்காரர் சொல்லிவிட்டார்.

கல்யாணி என்னிடம் வந்தாள்.

"அங்கிள், ஒரு ஹோல் எடுத்துத் தாங்கோ. எங்கடை ஆக்கள் நாலு மணித்தியாலம் கச்சேரி கேக்கிற ஆக்கள் எண்டு இவையளுக்குச் சொல்லிப்போட்டன். இருபத்திரண்டு நிமிசம் இருக்க மாட்டினமோ?"

"ஏன் இருக்க மாட்டினம்? நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

"ஸ்பீச் ஒண்டும் வேண்டாம், அங்கிள்."

"சீச்சீ... ஆர் பேசப் போயினம்?"

மண்டபம் வேண்டும் என்று எங்கள் சங்கச் செயலாளர் நடராசா அண்ணையிடம் சொன்னேன். அவர் உற்சாகமாகிவிட்டார். "ஓம் ஓம், செய்வம். ஆனா வெளியீட்டு விழா எண்டு போடாட்டிச் சனம் வராது."

இசைத்தட்டு வெளிவந்து இரண்டு மாதமாகிறது. கடையில் கிடைக்கிறது. அதனால் என்ன? நம்மவர்களுக்கு, வெளிவந்த பொருளையும் வெளியிட்டால்தான் திருப்தி.

அழைப்பிதழ் தபாலில் வந்தது. மங்கல விளக்கேற்றல், கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரைகள், வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், மதிப்பீட்டுரை, ஏற்புரை, நன்றியுரை... அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில், 'இசை — நேரம் இருப்பின்'.

உடனே போன் எடுத்தேன். "அண்ணை, என்ன இது? நேரம் இருப்பின் எண்டு போட்டிருக்கிறியள்?"

"அது ஒரு முறைக்குப் போடுறது, தம்பி. உமக்கு மதிப்பீட்டுரை தந்திருக்கு, பாத்தனீரோ?"

பார்த்தேன். பெயரைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார். நான் மேற்கொண்டு வாதாடவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மண்டபம் மூன்றிலிருந்து ஆறு மணி வரை எங்களுக்கு. மூன்றே முக்காலுக்கு விளக்கேற்றினோம். பேண்ட்காரர்கள் மூன்று மணிக்கே சுருதி சேர்த்துக்கொண்டு மேடையோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அரை மணிக்கொரு தடவை பாஞ்சோக்காரர் மறுபடியும் சுருதி சேர்த்தார்.

தலைவர் தாம் லண்டன் வந்து சேர்ந்த கதையைச் சொன்னார். விமானம் தரையிறங்கவே பதினைந்து நிமிடம் பிடித்தது. ஆசியுரை சிவனுடைய உடுக்கையில் தொடங்கி அங்கேயே நின்றது. வாழ்த்த வந்த டாக்டர் ஒருவர், பாஞ்சோ என்பது நம்முடைய பழைய யாழ்தான் என்று நிறுவினார். யாரும் மறுக்கவில்லை. பாஞ்சோக்காரருக்குத் தமிழ் தெரியாது.

முதற்பிரதியைப் பிரமுகர் ஒருவர் பெற்றார். பளபளக்கும் தாளில் சுற்றி ரிப்பன் கட்டிய இசைத்தட்டு. போட்டோவுக்காக அதை நான்கு தடவை கொடுத்து, நான்கு தடவை வாங்கினார்கள். பிறகு பொன்னாடை. ஆறடிக்கு மேல் வளர்ந்த பாஞ்சோக்காரர் முழங்காலை மடக்கிக்கொண்டு அதை ஏற்றுக்கொண்டார்.

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஒருவராவது இசையைப் பற்றிப் பேசக்கூடாதா? ஒருவருக்காவது கைக்கடிகாரம் கிடையாதா? கல்யாணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணால் ஆறுதல் சொன்னேன். என் முறை வரட்டும்... இரண்டே நிமிடத்தில் முடித்து, மேடையை இவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஐந்து இருபதுக்கு என்னை அழைத்தார்கள்.

"நேரத்தின் அருமை தெரியாத சமூகம் நாங்கள்" என்று ஆரம்பித்தேன். சபை கைதட்டியது. அங்கேதான் வந்தது வினை. கைதட்டலைக் கேட்ட நாக்கு எப்போதாவது வாய்க்குள் திரும்பியிருக்கிறதா? நீண்ட பேச்சுகளின் தீமைகளை விளக்கினேன். உதாரணங்கள் கொடுத்தேன். நான் பார்த்த வெளியீட்டு விழாக்களை ஒவ்வொன்றாகக் கிழித்தேன். பிறகு, மதிப்பீட்டுரை அல்லவா — இசைத்தட்டையும் மதிப்பிட்டேன். 'துணிச்சலான பாய்ச்சல்' என்றேன். 'ஆழமான தேடல்' என்றேன்.

உங்களிடம் மறைப்பானேன்? அந்தப் பக்கத்தை நான் கேட்டிருக்கவில்லை. கல்யாணி முன்னதாகவே கசெட் தந்திருந்தாள். முதல் பக்கத்தை மட்டும் சவரம் செய்துகொண்டே கேட்டேன். திருப்பிப் போடவில்லை.

நான் உட்கார்ந்தேன். ஏற்புரை வேண்டாம் என்று கல்யாணி தலையசைத்துவிட்டாள். நடராசா அண்ணை மட்டும் நன்றியுரையை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் மைக்கை விடும்போது மணி ஐந்து ஐம்பத்தைந்து.

வாசித்தார்கள். முதலில் பாஞ்சோவில் ஒற்றை ஸ்வரம். இடைவெளி. மறுபடியும் அதே ஸ்வரம். சபையில் செருமல்கூட இல்லை. கல்யாணியின் வயலின் மெல்ல வழுக்கி உள்ளே வந்தது. தாளம் ஏழாக மாறியது. முன்வரிசையில் இருந்த மிருதங்க வாத்தியார் அதைச் சட்டென்று பிடித்து, தொடையில் எண்ணத் தொடங்கினார். மண்டபத்தின் பின்பக்கம் மட்டன் ரோல்ஸ் வாசனை. அப்படியும் ஒருவர் எழும்பவில்லை... நம் சனத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்! உட்கார்ந்துதான் இருந்தார்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

சரியாக ஆறு மணிக்குக் கேர்டேக்கர் வாசலில் வந்து நின்று, விளக்குகளை ஒருமுறை அணைத்துப் போட்டார். அவர் மேல் பிழையில்லை. அடுத்த ஆட்கள் வெளியே காத்திருந்தார்கள்.

கல்யாணி வில்லை இறக்கினாள். பாஞ்சோக்காரர், பொன்னாடை தோளில் கிடக்க, பெட்டியை மூடிக்கொண்டே அவளிடம் இங்கிலீஷில் சொன்னது என் காதில் விழுந்தது: "நீ சொன்னது சரிதான். உன்னுடைய ஆட்கள் எவ்வளவு நேரமும் உட்கார்ந்திருப்பார்கள்."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

லூயிஷாம் ரயிலில் என் மனைவி சொன்ன அந்த ஒரு வசனம்: "நீங்கள் இருபத்தேழு நிமிசம் கதைச்சனீங்கள்."

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து கசெட்டைத் திருப்பிப் போட்டேன். முழுவதும் கேட்டேன். பதினான்காவது நிமிடமளவில் எல்லா வாத்தியமும் ஓய்ந்து, பேஸ் மட்டும் தனியே நடக்கிறது. இனி ஒன்றும் இல்லை என்று நினைக்கும்போது வயலின் திரும்பி வருகிறது. இது விம்பிள்டன் பிள்ளையின் கை என்று நம்ப முடியவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியோடு வந்து வாசலில் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். முடியும் வரை எழும்பவில்லை.

"இவ்வளவுந்தானே அந்தப் பிள்ளை எங்களிட்டைக் கேட்டது" என்றாள்.

வெட்கமாக இருந்தது. நமக்கு ஒரு கலைஞரைப் பிடித்துவிட்டால் கௌரவிக்காமல் விடமாட்டோம். கௌரவித்து முடிக்கும்போது, கேட்பதற்கு நேரம் இருக்காது.

நேற்று மாலை கல்யாணி வீட்டில் அவர்கள் நால்வரும் கூடுகிறார்கள் என்று அவள் தகப்பன் சொன்னார். இந்த வழியிலேயே போவதா, மூன்று நிமிடத்துக்குத் திரும்புவதா என்று முடிவெடுக்கப் போகிறார்களாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர்கள் திரும்பிவிடாமல் தடுக்க வேண்டும். மன்னிப்பும் கேட்க வேண்டும். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் குறித்தேன். ஒன்பது குறிப்புகள், இரண்டு உட்பிரிவுகள். போன் எடுத்தேன். பின்னால் பாஞ்சோ கேட்டது.

"பிள்ளை, அந்த உருப்படியைப் பற்றி உங்கள் எல்லாருக்கும் நான் ஒரு விஷயம் சொல்ல வேணும்..."

"சுருக்கமாச் சொல்லுங்கோ, அங்கிள்" என்றாள்.